காரிலேயே இத்தாலிக்கு: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியவை

கோடை நெருங்கினால் ஆபீஸில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். இத்தாலியில் ஒரு வீடு பிடித்திருக்கிறோம், காரிலேயே போகிறோம், ரொம்ப சுலபம், நீங்களும் போய் வாருங்கள் என்பார். அவருக்குச் சுலபம்தான். கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் இருபது வருட லைசென்ஸும் இருக்கின்றன. நம் நிலைமை வேறு. அதனால் எந்த வழி, எந்த ஊர் என்பதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் விசாவைப் பாருங்கள்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் பிரிட்டன் விசா எத்தனை வருடத்துக்கு இருந்தாலும், பிரான்ஸ், இத்தாலி முதலிய ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வேண்டும். பிரான்ஸ் வழியாகத்தான் நுழைகிறோம் என்றாலும், அதிக நாள் தங்கப்போவது இத்தாலி என்பதால் இத்தாலிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆகஸ்ட் பயணத்துக்கு மே மாதம் அப்பாயின்ட்மென்ட் தேடினால் பெரும்பாடு, பிப்ரவரியிலேயே இறங்கிவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். விமான டிக்கெட் இல்லாததால், ரயில் அல்லது கப்பல் முன்பதிவையும் கார் பதிவுப் பத்திரத்தையும் வைத்து, காரில் போகிறோம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி இணையுங்கள். வீடு பிடிக்கும்போது விளம்பரத்தில் சின் (CIN) எனப்படும், வீட்டுக்கான தேசிய அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 முதல் இத்தாலியில் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு அது கட்டாயம்.

அடுத்தது லைசென்ஸ். நம் ஊர் லைசென்ஸை வைத்துப் பிரிட்டனில் 12 மாதம் ஓட்டலாம். ஆனால் அது பிரிட்டன் தரும் அனுமதி, கடலைத் தாண்டினால் செல்லாது. பிரிட்டிஷ் லைசென்ஸ் எடுத்த பிறகே இந்தப் பயணம் போங்கள் என்பதுதான் என் யோசனை. எடுத்த பிறகும் ஒன்று உண்டு, அதை ஆபீஸ் நண்பர் சொல்லியிருக்க மாட்டார். லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு வேக வரம்பு தனி. மற்றவர்கள் 130 கி.மீ. போகும் நெடுஞ்சாலையில் பிரான்ஸில் 110, இத்தாலியில் 100தான். இத்தாலியில் இந்தப் புது லைசென்ஸ்காரர்கள் ஒரு சொட்டு மது அருந்திவிட்டும் ஓட்டக் கூடாது.

காருக்கு வேண்டியவை: லாக் புக் எனப்படும் கார் பதிவுப் பத்திரத்தின் அசல், காப்பீட்டுச் சான்று, யுகே ஸ்டிக்கர் (பழைய ஜிபி ஸ்டிக்கர் 2021 செப்டம்பரோடு செல்லாததாகிவிட்டது), எச்சரிக்கை முக்கோணம், ஆளுக்கொரு ஒளிரும் மேல்சட்டை. சட்டையை டிக்கியில் போடாமல் கை எட்டும் இடத்தில் வையுங்கள். எதிரே வருபவருக்குக் கண் கூசாமல் இருக்க முகப்பு விளக்கில் ஒட்டும் பட்டைகளும் வேண்டும். லீஸ் கார் என்றால் லாக் புக் உங்களிடம் இருக்காது, அதற்குப் பதில் விஇ103 என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள். இங்கே முழுக் காப்பீடு இருந்தாலும் ஐரோப்பாவில் அது வெறும் மூன்றாம் நபர் காப்பீடாகச் சுருங்கிவிடலாம்.

அப்புறம் சாப்பாடு. கட்டுச்சோறு இல்லாமல் நாம் கிளம்புவதில்லை. ஆனால் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. தயிர்சாதம், நெய், பனீர், பால்கோவா எதுவும் ஆகாது. குழந்தைக்கான பால் பவுடருக்கு மட்டும் விலக்கு உண்டு. புளியோதரை, இட்லிக்கு நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடி, கருவாடு எல்லாம் எடுத்துப் போகலாம். பச்சைக் காய்கறியும் கீரையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது என்பதால் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தேங்காயும் வாழைப்பழமும் போகலாம்.

இங்கிலாந்துக் கரையில் உள்ள போக்ஸ்டனில் காரோடு ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் பிரான்ஸின் கலே. பிரெஞ்சு அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்ப்பது போக்ஸ்டனிலேயே நடந்துவிடும், எனவே விசா, காப்பீடு, வீட்டு முன்பதிவு எல்லாம் அங்கேயே கையில் இருக்கட்டும். கலேயிலிருந்து இத்தாலியின் டஸ்கனியில் உள்ள லூக்கா ஏறக்குறைய 1,400 கி.மீ. இரண்டு நாளாகப் பிரியுங்கள். ரெய்ம்ஸ், மெட்ஸ், ஸ்ட்ராஸ்பூர் வழியாக முதல் இரவு சுவிஸ் எல்லை நகரமான பாசல் அருகே வந்துவிடலாம். எல்லைக்கு இந்தப் பக்கம், பிரான்ஸிலேயே தங்கினால் செலவு குறையும். பாசலில் இலங்கைத் தமிழர்களின் மளிகைக் கடைகள் உண்டு. லண்டனில் விட்டுவந்த கறிவேப்பிலையை அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் விலையில் வருடச் சீட்டு. இணையத்தில் கார் எண்ணுக்கு வாங்கிவிட்டால் ஒட்டவும் வேண்டாம். இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம். வழியில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து போகும் கோட்ஹார்ட் சுரங்கத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. 16.9 கி.மீ. நீளம், போக வர ஒரே குழாய். கோடைச் சனிக்கிழமைகளில் வாயிலில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நிற்கும், வேறு நாளில் கடந்துவிடுங்கள். நாங்கள் போன அன்று வடக்கு வாயிலில் மழை தூறிக்கொண்டிருந்தது. தெற்கே ஐரோலோவில் வெளியே வந்தபோது கண் கூசும் வெயில், பலகைகள் எல்லாம் இத்தாலிய மொழிக்கு மாறியிருந்தன.

இத்தாலியில் நெடுஞ்சாலைப் பலகை பச்சை. நுழையும்போது சீட்டு எடுத்து, இறங்கும்போது பணம் கட்ட வேண்டும். நம் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் சீட்டு எடுக்கும் பெட்டி இடது ஜன்னலில் வரும். பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் கண்டக்டர், அவர் அங்கே தூங்கக் கூடாது. மஞ்சள் நிறத்தில் டெலிபாஸ் என்று எழுதிய வரிசைக்குள் போகாதீர்கள், அது தானாகக் கட்டணம் கழிக்கும் கருவி உள்ள கார்களுக்கானது. தவறிப் போய்விட்டாலும் ரிவர்ஸ் எடுக்காமல் உதவிப் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும், அதை வைத்துப் பிறகு கட்டிவிடலாம். பெட்ரோல் பங்கில் கவனம். கசோலியோ என்பது கேஸொலின் போல ஒலித்தாலும் டீசல். பெட்ரோல் வேண்டுமானால் பென்ஸீனா.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இசட்.டி.எல் பற்றித்தான். பழைய நகர மையங்களில் வெளி வண்டிகள் நுழையக் கூடாத பகுதி அது. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம், மேலே ஒரு கேமரா. பக்கத்தில் மின்பலகையில் ‘வார்கோ அத்திவோ’ என்று ஓடினால் வழி திறந்திருக்கிறது என்று நினைத்துவிடுவோம். கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்பதே அதன் பொருள். யாரும் நிறுத்த மாட்டார்கள், பல மாதம் கழித்து வீட்டுக்குக் கடிதம் வரும். போன் காட்டும் வழியை நம்பி நாங்கள் ஒரே மாலையில் இரண்டு கேமராக்களைக் கடந்தோம், இரண்டுக்கும் தனித்தனி அபராதம் வந்தது. வீடு ஊருக்குள் இருந்தால் கிளம்பும் முன்பே வீட்டுக்காரரிடம் கார் எண்ணைக் கொடுத்து, பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். லூக்காவில் கோட்டை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே நிம்மதி. நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் நமக்கானது இல்லை.

திரும்பும்போது சீஸும் பன்றி இறைச்சியும் வாங்கி வராதீர்கள். கோமாரி நோய் காரணமாக 2025 ஏப்ரலில் பிரிட்டன் அவற்றுக்குத் தடை போட்டது. ஆலிவ் எண்ணெய்க்குத் தடையில்லை. எங்கள் டிக்கியில் ஐந்து லிட்டர் டின் ஒன்று வந்தது, பொங்கல் வரை தாளிப்புக்கு அதுதான்.