ஏபிஎஸ் விளக்கும், ஒரு சின்ன ரிலேயும்

கோலாலம்பூரில் நான் வைத்திருப்பது 1989ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் கார், டபிள்யூ124 வரிசையில் 230ஈ மாடல். வாங்கும்போதே ஜாக்கி வைக்கும் இடங்களில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் எடுத்தேன். எஞ்சினைச் சரி செய்துவிடலாம், துருப்பிடித்த பாடியைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

சில மாதங்களில் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. சிக்னலில் நின்றால் ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், தடுமாறும். ஒரு பட்டறையில், சிலிண்டர்களுக்கு எரிபொருளைப் பிரித்து அனுப்பும் ஃப்யூவல் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றச் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. பிரேக் பக்கமும் எரிபொருள் பக்கமும் ஒரே நேரத்தில் கெடுமா? இரண்டுக்கும் பொதுவானது எது என்று தேடினேன். மின்னழுத்தம் எகிறினால் மின்னணுப் பெட்டிகளைக் காக்கும் ஓவர்வோல்டேஜ் ரிலேதான். ஏபிஎஸ்ஸுக்கும், எரிபொருள் செலுத்தும் அமைப்பான கேஇ-ஜெட்ரானிக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மின்சாரம் அது வழியாகத்தான் போகிறது.

பேட்டரிக்குப் பின்னால், பிளாஸ்டிக் மறைப்புக்கு உள்ளே, தலையில் 10 ஆம்பியர் ஃப்யூஸோடு இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ரிலேயை உருவினேன். ஃப்யூஸ் நன்றாகவே இருந்தது. அதோடு நிறுத்தாமல் மூடியைத் திறந்தேன். உள்ளே ஈயப்பற்று மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. வருடக்கணக்கான வெப்பம். சூடானால் தொடர்பு விடும், ஆறினால் சேரும். மறுபடி சால்டர் வைத்தாலும் ஓடும்தான். பிரேக் சம்பந்தப்பட்டது என்பதால் புது ரிலேயே போட்டேன். அப்புறம் விளக்கு எரியவில்லை, ஐடிலிங்கும் சீரானது.