மாமத்தா, மாஸ்டடானா? பல்லைப் பாருங்கள்
லாஸ் ஏஞ்சலஸின் லா பிரேயா தார்க்குழி அருங்காட்சியகம் மாதிரி, யானையைப் போன்ற, அழிந்துபோன மாமத், மாஸ்டடான் இரண்டின் எலும்புக்கூடும் இருக்கும் இடத்தில் தந்தத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கடைவாய்ப் பல்லைப் பாருங்கள், பெயர்ப்பலகைக்கு முண்டியடிக்கத் தேவையில்லை. சிமென்ட் துவைகல் போல வரிவரியாக இருந்தால் மாமத். கூம்பு கூம்பாகப் புடைத்து நின்றால் மாஸ்டடான்.

மாமத்தின் முக்கிய உணவு புல். அதில் பல்லைத் தேய்க்கும் சிலிக்கா (மணலில் உள்ள பொருள்) அதிகம். அதை அரைக்க வரிமேடு வேண்டும். மாஸ்டடான் இலையையும் சுள்ளியையும் நசுக்கித் தின்றது, அதற்குக் கூம்பே போதும்.

நம் ஆசிய யானைக்கும் வரிப்பல்தான். ஆகவே மாமத்தையும் யானையையும் பிரிக்க இது உதவாது. ஓவியத்திலும் பல் தெரியாது. அங்கே உச்சந்தலை குவிந்து முதுகு பின்னால் சரிந்தால் மாமத். தலை தட்டையாக, உடல் நீண்டு தாழ்ந்திருந்தால் மாஸ்டடான்.