முதலில் தேதி, பிறகுதான் பெயின்ட்: 132-ஆவது இத்தாலிய டாங்கி ரெஜிமெண்டின் எம்13/40 மாதிரி செய்வது எப்படி

என் அப்பா கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் ரிவெட் ஆணி அடித்தவர். கொதிகலன் தகடுகளைச் சேர்ப்பது அவர் வேலை. அதனாலோ என்னவோ, வெல்டிங் செய்த வழவழப்பான டாங்கிகள் மீது எனக்கு ஆசை வந்ததே இல்லை. உடம்பெல்லாம் ஆணித் தலைகள் துருத்திக்கொண்டிருக்கும் இத்தாலிய எம்13/40-தான் என் மேசைக்கு வரும். இதுவரை ஐந்து செய்திருக்கிறேன். அவற்றில் ஒன்று தப்பு.

அந்தத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். டாங்கியின் சுழலும் கோபுரத்தில் எட்டாவது பட்டாலியனின் ரோமன் எண்ணை எழுதி, '1941 நவம்பர் 19, பீர் எல் குபி' என்று பலகையும் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தே தாரிக் குடிக்க வந்த நண்பர் அதைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். "எம்14 அண்ணே இது" என்றார். இன்ஜினுக்கு மேலே இருக்கும் காற்றுத் துளைகள் எம்13-இல் நீளவாக்கில் இருக்கும், எம்14/41-இல் குறுக்குவாக்கில். எம்14 இந்த ரெஜிமெண்டுக்கு வந்ததே 1942-இல், பத்தாவது பட்டாலியனோடு. இல்லாத வண்டியை நான் போருக்கு அனுப்பியிருந்தேன்.

ஆகவே பெட்டியைப் பிரிக்கும் முன் தேதியை முடிவு செய்யுங்கள். 132-ஆவது ரெஜிமெண்ட் 1941 செப்டம்பரில் லிபியாவில் உருவாகி, 1942 நவம்பரில் அழிந்தது. பதினான்கு மாத ஆயுள். 'அரியெத்தே' கவச டிவிஷனின் கை அது. அரியெத்தே என்றால் ஆட்டுக்கிடாய். இந்த ஆயுளுக்குள் மூன்று நாட்கள் மாதிரி செய்கிறவர்களுக்கு வாகானவை.

1941 நவம்பர் 19, லிபியப் பாலைவனத்தின் பீர் எல் குபி முதலாவது. பிரிட்டனின் 22-ஆவது கவசப் பிரிகேட், புதிதாக வந்த குரூசேடர் டாங்கிகளோடு நேராக மோதியது. பதுங்கு குழிகளில் இத்தாலியரின் பெர்சாலியெரி காலாட்படையும், லாரிகளில் ஏற்றிய 102 மில்லிமீட்டர் கடற்படைப் பீரங்கிகளும் காத்திருந்தன. 132-இன் எம்13 டாங்கிகள் எதிர்த்தாக்குதலுக்கு வந்தன, பிரிகேட் பின்வாங்கியது. இத்தாலியர் ஓடத்தான் தெரிந்தவர்கள் என்று கேலி பேசுகிறவர்களிடம் நான் இந்த நாளைத்தான் சொல்வேன்.

1942 மே 27 இரண்டாவது. காலையில் அரியெத்தே, பாலைவனத்தில் நின்ற மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேடை மிதித்துக் கடந்தது. அதே நாள் ரெஜிமெண்டின் டாங்கிகள் பீர் ஹக்கெய்மில் இருந்த சுதந்திர பிரெஞ்சுப் படை மீது பாய்ந்தன. கண்ணிவெடியிலும் பீரங்கியிலும் சிக்கி முப்பதுக்கும் மேற்பட்டவை அழிந்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மலாயாவின் சிலிம் ரிவர்தான் நினைவுக்கு வரும். நான்கரை மாதங்களுக்கு முன்பு, ஜனவரி 7 அன்று, ஜப்பானிய டாங்கிகள் அங்கே 11-ஆவது இந்திய டிவிஷனைப் பிளந்துகொண்டு போயின. ஈப்போவுக்குப் போகும்போது நாம் கடந்து செல்லும் ஊர்தான்.

மூன்றாவது 1942 நவம்பர் 4, எகிப்தின் எல் அலமெயின். சுற்றி வளைக்கப்பட்ட டிவிஷனிலிருந்து வந்த கடைசிச் செய்தி, அரியெத்தேயின் டாங்கிகள் போரிடுகின்றன என்று முடிந்தது. அதன் பிறகு ரெஜிமெண்ட் இல்லை. இன்று அதே எண்ணோடு இத்தாலியின் கோர்தெனோன்சில் இருப்பது போருக்குப் பிந்தையது. அதற்கு வேறு டாங்கி, வேறு பெட்டி.

எம்13 வேண்டுமென்றால் குபி நாள்தான் எளிது. 1/35 அளவில் நீளம் சுமார் 14 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட வராது. ஒட்டுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியில் இருக்கும் தாளே போதும். ஆனால் இணைப்புக் கோட்டை அரத்தால் தேய்க்கும்போது ஆணித் தலைகளும் சேர்ந்து போய்விடும். அங்கேதான் பொறுமை வேண்டும். வெள்ளைப் பசையில் பல்குத்தியின் முனையைத் தொட்டு, போன இடத்தில் ஒரு பொட்டு வையுங்கள். காய்ந்ததும் சுருங்கிப் பாதியாகிவிடும். மேலே இன்னொரு பொட்டு. சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் பக்கத்து ஆணியின் நிழலும் இதன் நிழலும் ஒன்றுபோல விழ வேண்டும். உண்மை வண்டியில் இந்த ஆணிகள் எமன்: வெளியே குண்டு பட்டால் தலை தெறித்து உள்ளே இருக்கும் நால்வர் மீது பாயும். கொதிகலனில்கூட ஆணி தளர்ந்தால் அதன் முன்னால் நிற்காதே என்பார் அப்பா.

நிறம், சகாரா மஞ்சள். கோலாலம்பூரில் மாலை மழைக்கு முன் லாக்கர் வகை பெயின்ட் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் மேற்பரப்பு பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். நான் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவேன்.

கோபுரத்துச் செவ்வகம்தான் டாங்கியின் முகவரி. உண்மையில் அது 20-க்கு 12 சென்டிமீட்டர். உங்கள் மாதிரியில் 5.7-க்கு 3.4 மில்லிமீட்டர். முதல் கம்பெனிக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம், மூன்றாவதற்கு மஞ்சள், நான்காவதற்குப் பச்சை. உள்ளே நிற்கும் வெள்ளைக் கோடுகளின் எண்ணிக்கை பிளட்டூனைச் சொல்லும். மணல் நிறத்தின் மேல் மஞ்சளைப் போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். சிவப்போ நீலமோ எடுங்கள். பெட்டியோடு வரும் ஒட்டுப்படத்தை நான் நம்புவதில்லை, டேப்பை வெட்டி மறைத்துப் பெயின்ட்தான் அடிப்பேன். எண் பலகையில் முன்னால் வரும் இத்தாலிய எழுத்துகள் மட்டும் சிவப்பு, இலக்கங்கள் கறுப்பு.

பீர் ஹக்கெய்மைத் தேர்ந்தெடுத்தால் முன்பக்கம் மணல் மூட்டைகள் அடுக்கலாம். எபாக்சி மாவை 14 மில்லிமீட்டர் நீளத்துக்கு உருட்டி, ஈரமான பழைய வேட்டித் துணியால் அழுத்துங்கள். சாக்கு நெசவு பதிந்துவிடும். மூட்டையைச் சற்றுத் தொய்வாக விடுங்கள். விறைப்பாக நின்றால் இட்லியை அடுக்கியதுபோல் இருக்கும், என் இரண்டாவது டாங்கியில் இருப்பதுபோல.

தப்பான அந்த எம்14-ஐ நான் தூக்கிப் போடவில்லை. கோபுரத்து எண்ணைச் சுரண்டிப் பத்தாவது பட்டாலியனின் எண்ணை எழுதினேன். பலகையில் தேதியையும் இடத்தையும் மாற்றினேன்.