மான் பார்க்கப் போகிறீர்களா? பிஸ்கட் பாக்கெட்டை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்

மான் பார்க்க நம் ஊரில் பெரிய பயணமெல்லாம் தேவையில்லை. சென்னைக்கு நடுவே கிண்டியில் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காட்டில் புள்ளிமானும் வெளிமானும் இன்னும் இருக்கின்றன. 1978இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1959இல் தொடங்கிய ஐஐடி வளாகமும் அதே காட்டிலிருந்து எடுத்த நிலம்தான், அதனால்தான் அங்கே இன்றைக்கும் விடுதி வாசலில் மான் மேய்கிறது. பூங்காவின் உட்காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். தெற்கே இருப்பவர்களுக்குத் தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு, டெல்டாக்காரர்களுக்குக் கோடியக்கரை, இரண்டுமே வெளிமானுக்குப் பேர் போன இடங்கள். புள்ளிமான் வேண்டுமென்றால் முதுமலை. தெப்பக்காடு, மசினகுடிப் பக்கம் சாலையோரத்திலேயே கூட்டமாக நிற்கும்.

முதலில் எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஆணின் தலையைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. கொம்பு கிளை கிளையாகப் பிரிந்திருந்தால் அது மான் குடும்பம்: புள்ளிமானோ, அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய, புள்ளியே இல்லாத, கரும்பழுப்புக் கடமானோ (மிளா என்றும் சொல்வார்கள்). கொம்பு கிளையில்லாமல் முறுக்கிக்கொண்டு மேலே போனால் அது வெளிமான், உறவுமுறையில் ஆடுமாடு குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிமான் கொம்பு ஆயுளுக்கும் நிற்கும், விழாது. புள்ளிமான் கொம்போ முழுக்க எலும்பு, அது ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைக்கிறது. வளரும் மாதங்களில் அதன் மேல் பூனை முடி மாதிரி மெத்தென்ற தோல் போர்த்தியிருக்கும். உள்ளே ரத்தம் ஓடும், தொட்டால் சூடாக இருக்கும், அடிபட்டால் வலிக்கும். வளர்ந்து முடிந்ததும் அந்தத் தோல் காய்ந்து கந்தல் கந்தலாகத் தொங்கும், மான் அதை மரத்தில் தேய்த்துத் தேய்த்து உரிக்கும். காட்டு விளிம்பில் இடுப்புயரத்துக்குப் பட்டை உரிந்த சிறு மரத்தைக் கண்டால் கொஞ்சம் நின்று பாருங்கள், அது அநேகமாக ஒரு ஆண் கொம்பு தேய்த்த இடம்.

விழுந்து கிடக்கும் கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசுச் சொத்து, 'தானே விழுந்ததுதானே' என்பது அங்கே செல்லாது. படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

சரி, எப்போது போவது? விடிந்ததும் ஒன்றரை மணி நேரம், பொழுது சாயும்போது இன்னொரு ஒன்றரை மணி நேரம். வெயில் ஏறினால் மான்கள் நிழலில் படுத்து அசைபோடத் தொடங்கிவிடும். அப்போது பத்தடி தள்ளிப் போனாலும் கண்ணுக்குப் படாது, அந்தப் புள்ளிகள் இலைக்கிடையே விழும் வெயிலோடு அப்படிக் கலந்துவிடும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, உங்கள் வாசனை மான் பக்கம் போகாத மாதிரி நில்லுங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், கிட்டே போக வேண்டும் என்ற ஆசையே குறைந்துவிடும்.

எவ்வளவு கிட்டே போகலாம் என்பதை மானே சொல்லும். மேய்கிற மானுக்குத் தலை கீழே இருக்கும், வால் சும்மா ஆடிக்கொண்டிருக்கும், காதுகள் ஒன்று ஒரு பக்கமும் இன்னொன்று வேறு பக்கமுமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். தலை நிமிர்ந்து இரண்டு காதும் உங்கள் பக்கம் திரும்பிவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். அடுத்தது முன்னங்காலைத் தூக்கித் தரையில் தட்டும், அப்புறம் 'கீச்'சென்று ஒரு கூர்மையான குரல், வால் நிமிர்ந்து வெள்ளை தெரியும், கூட்டம் முழுக்க ஓடிவிடும். கால் தட்டுவதைப் பார்த்த பிறகும் செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பகல் முழுக்க இப்படி ஆள் மாற்றி ஆள் விரட்டினால் அது எப்போது சாப்பிடும், எப்போது அசைபோடும்?

முதுமலை மாதிரிக் காட்டில் இதே குரல் வேறு விதமாக உதவும். மரத்தில் மந்திகள் தின்றுவிட்டு உதிர்க்கும் இலையையும் பழத்தையும் புள்ளிமான் கீழே நின்று தின்னும். மந்திக்கு உயரத்திலிருந்து கண், மானுக்குத் தரையில் மூக்கும் காதும். சிறுத்தையோ புலியோ வந்தால் யார் முதலில் கத்தினாலும் இருவரும் தப்பிக்கலாம். இரண்டும் சேர்ந்து விடாமல் கத்துகின்றன என்றால் ஜீப்பை நிறுத்தச் சொல்லி அமைதியாகக் காத்திருங்கள்.

இனி உணவுக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மானுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். பிஸ்கட், ரொட்டி, சோறு, பொரி எதுவுமே வேண்டாம். மானின் வயிறு நான்கு அறை கொண்டது, முதல் அறையில் புல்லை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மாவுப்பொருள் திடீரென்று அதிகமாகப் போனால் அங்கே அமிலம் கூடி நுண்ணுயிர்கள் செத்து, மானும் சாகலாம். பிளாஸ்டிக் பை இன்னும் மோசம். சாப்பாட்டின் உப்பு ஒட்டியிருப்பதால் பையோடு விழுங்கிவிடும், அது செரிக்காது, வெளியேயும் வராது, உருண்டையாகி இடத்தை அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்த மாதிரியே இருந்து பட்டினியில் சாகும் மான்கள் உண்டு. இலங்கையில் திருகோணமலைக் கோட்டைக்குள், கோணேஸ்வரம் போகிற வழியில், புள்ளிமான்கள் கையிலிருந்தே வாங்கித் தின்னும் அளவுக்குப் பழகிவிட்டன. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆளைக் கண்டு பயப்படாத மான் நாயையும் வண்டியையும் கண்டு விலகத் தாமதிக்கும்.

புல்லுக்குள் தனியாக ஒரு குட்டி சுருண்டு படுத்திருந்தால் அனாதை என்று தூக்கி வராதீர்கள். தாய் அதை ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும், பாலூட்டத் திரும்பி வரும். நீங்கள் அங்கேயே நின்றால்தான் அது வராமல் போகும். தாய் செத்துக் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நாய் துரத்தியோ வண்டி இடித்தோ அடிபட்ட மானைக் கண்டால் முதல் வேலை கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது. மான் பயத்தாலேயே சாகக்கூடிய விலங்கு, ஓடிக் களைத்துப் பிடிபட்டால் தசைகள் சிதைந்து, காயமே இல்லாமல்கூடச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இறந்துவிடும். மெல்லிய துணியால் கண்ணை மூடுங்கள், மூக்கை மூடாதீர்கள், சத்தம் வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வனத்துறைக்குப் போன் செய்யுங்கள், கிணற்றில் விழுந்திருந்தால் தீயணைப்புத் துறைக்கு 101. கொம்புள்ள ஆண் என்றால் எட்டவே நில்லுங்கள், அது உதறினால் உங்கள் வயிற்றில்தான் ஏறும்.

காட்டோரத்தில் விவசாயம் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் எரிச்சலாக இருக்கலாம். ராகியும் நிலக்கடலையும் ஒரே ராத்திரியில் போகும்போது மான் அழகு என்று யாரும் பேச முடியாது, அந்த இழப்பு உண்மையானது. ஆனால் மின்சாரத்தை நேராக வேலியில் விட்டுவிடாதீர்கள். சட்டப்படி குற்றம், அதோடு தண்ணீர் பாய்ச்சப் போன சொந்த வீட்டு ஆளையே அது கொல்லும். பயிர் சேதத்துக்கு வனத்துறை மூலம் அரசு இழப்பீடு தருகிறது. சேதமான பயிரை அகற்றுவதற்கு முன்பே கால் தடத்தோடும் புழுக்கையோடும் படம் எடுங்கள், சிட்டா நகலோடு வனச்சரக அலுவலகத்தில் உடனே மனு கொடுங்கள், மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கி வையுங்கள்.