பலத்தைப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே நாம் செய்யும் தவறுகள்

ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகும் விதமும் உலகை உணரும் விதமும் வேறுபடுவது), ஏடிஎச்டி (கவனத்தை நிறுத்துவதிலும் அமைதியாக உட்கார்வதிலும் சிரமம்), டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) உள்ள மாணவர்களிடம் குறையை மட்டும் தேடாமல் பலத்தைப் பாருங்கள் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அதைச் செய்யும் விதத்தில் நிறையச் சறுக்குகிறோம்.

என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறு, பிள்ளைக்குப் பிடித்ததைப் பிடுங்குவது. "கணக்கை முடிக்கலையா, அப்போ இன்னைக்கு டிராயிங் கிடையாது." நாள் முழுக்கத் திணறும் ஒரு பிள்ளை, எனக்கும் ஏதோ வரும் என்று நிமிர்ந்து உட்கார்வது அந்த ஒரு மணி நேரத்தில்தான், அதையும் எடுத்துவிட்டால் அப்புறம் எதற்காக வகுப்புக்கு வர வேண்டும்? ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு விளையாட்டு இடைவேளையை ரத்து செய்வதும் இப்படித்தான், ஓடியாடினால் அடுத்த பாடத்தில் கவனம் கொஞ்சம் நிற்கும், அதைத்தான் நாம் தடுக்கிறோம்.

ஆட்டிசத்தில் கவனம் ஒரு சில விஷயங்களில் மட்டும் மிக ஆழமாகப் போகிறது என்று டைனா மரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2005-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். இதற்கு மோனோட்ரோபிசம் என்று பெயர். அந்த ஆழத்திலிருந்து பிள்ளையை வெளியே இழுப்பதைவிட, பாடத்தை அங்கே கொண்டுபோவது எளிது. ரயில் என்றால் உயிரா? சரி, நேரக் கணக்குக்கு ரயில் அட்டவணை, புவியியலுக்கு ரயில் பாதை வரைபடம், கட்டுரை எழுதவும் ரயில்.

அடுத்தது, ஆட்டிசம் என்றாலே ஒரு மேதை ஒளிந்திருப்பான் என்று எதிர்பார்ப்பது. அபார நினைவாற்றல், மின்னல் வேகக் கணக்கு எல்லாம் சிலருக்கு மட்டுமே. மற்றவர்களின் பலம் சத்தமில்லாமல் இருக்கும்: யாரும் பார்க்காத சிறு பிழையைக் கண்டுபிடிப்பது, சின்னப் பிள்ளைகளிடம் பொறுமையாக இருப்பது, கெட்டுப்போன பொருளைப் பிரித்துப் பார்ப்பது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "அவ புத்திசாலி, சமாளிச்சுடுவா" என்று உதவியை நிறுத்திவிடுவது. டிஸ்லெக்ஸியாவில் பெரும்பாலும் சிக்கல் ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில்தான் இருக்கிறது, அறிவில் இல்லை. அழகாகக் கதை சொல்கிறாள் என்பதற்காக வாசிப்புப் பயிற்சி தேவையில்லை என்று ஆகிவிடாது, அந்த இணைப்பைப் படிப்படியாகச் சொல்லித்தரத்தான் வேண்டும். ஆனால் வரலாறு தெரியுமா என்று பார்க்கும்போது வாய்மொழியாகப் பதில் சொல்ல விடுங்கள், அது சலுகை இல்லை, அங்கே சோதிப்பது வரலாற்றைத்தானே தவிர கையெழுத்தை இல்லையே.

கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும் பிள்ளை நீங்கள் சொன்ன அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அப்புறம் அறிக்கை எழுதும்போது, "நன்றாக வரைகிறாள்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "வேலையை மூன்று படங்களாக வரைந்து காட்டினால் யாரும் நினைவூட்டாமலே தானாக முடிக்கிறாள்" என்று எழுதினால், அடுத்த வருடம் வரும் ஆசிரியர் முதல் நாளே அதைச் செய்து பார்க்கலாம்.