625 மாத்திரை: முதல்முறை வாங்குபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

“பல்லு வலிண்ணே, ஒரு சிக்ஸ் ட்வென்டி ஃபைவ் குடுங்க.” மருந்துக்கடையில் நிற்கும் எனக்கு நாள் தவறாமல் கேட்கும் பேச்சு இது. 625 என்பது பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரை. கேட்பவர் கையில் சீட்டு இருக்காது. பக்கத்து வீட்டில் யாருக்கோ இதைப் போட்டுக் குணமானது என்பார். மருத்துவர் சீட்டு இல்லாமல் நான் தருவதில்லை. சீட்டோடு வருபவர்களுக்கும் கவுன்டரில் நின்று இதையெல்லாம் சொல்ல நேரம் கிடைப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அட்டையைப் படியுங்கள்

அட்டையின் இடதுபக்கம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே சாப்பிட வேண்டிய மருந்து என்பதற்கு அடையாளம் அது. ஆக்மென்டின், கிளாவம் எனப் பெயர் எதுவாக இருந்தாலும், கீழே சின்ன எழுத்தில் அமாக்ஸிசிலின் 500 மி.கி., கிளாவுலானிக் அமிலம் 125 மி.கி. என்று போட்டிருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் 625.

இதில் கிருமியைக் கொல்வது அமாக்ஸிசிலின். ஆனால் பல பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து, அமாக்ஸிசிலினை வேலை செய்யவிடாமல் உடைத்துப் போட்டுவிடும். வெட்ட வருபவனின் கையைப் பிடித்துக்கொள்ளும் துணை ஆள் மாதிரி, அந்த நொதியைப் பிடித்து முடக்குவது கிளாவுலானிக் அமிலம். இந்தக் கூட்டு 1981-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. இந்தத் துணை ஆளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லப்போகும் பாதி விஷயங்கள் அவரால் வருபவைதான்.

எடுத்துக்காட்டாக, சீட்டில் 1000 என்று இருக்கிறது, வீட்டில் 625 கிடக்கிறது, இரண்டாகப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். ஆகாது. 1000 மாத்திரையில் 875-உம் 125-உம் இருக்கிறது. இரண்டு 625 போட்டால் கிளாவுலானிக் அமிலம் 250 ஆகிவிடும், வயிற்றுப்போக்கு பிய்த்துக்கொண்டு போகும். 375-இல் 250-உம் 125-உம் இருப்பதால், இரண்டு 375 போட்டு 625-ஐ ஈடுகட்டுவதும் இதே கதைதான்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டால் பலர் யோசிக்காமல் “இல்லை” என்பார்கள். ஒருமுறை அப்படிச் சொன்ன ஒரு தம்பியின் அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். “சின்ன வயசுல ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு திணறுச்சேடா” என்றார். அமாக்ஸிசிலின் பென்சிலின் குடும்பத்து மருந்து. அந்தத் தம்பியை அப்படியே மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். அதனால் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

இந்த மருந்தால் முன்பு மஞ்சள் காமாலை வந்திருந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் அல்லது மூட்டுவாதம் போன்றவற்றுக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸால் வருபவை, அவற்றுக்கு இது கேட்காது. நாய்க்கடிக்கு இதை எழுதித் தருவார்கள், அது சரியான மருந்துதான். ஆனால் அது கடித்த காயம் சீழ் வைக்காமல் இருக்க மட்டுமே. ரேபிஸ் தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட்டே ஆக வேண்டும்.

மாத்திரையைப் போடும் விதம்

வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாடு முடிந்து அரைமணி கழித்தும் வேண்டாம். தட்டில் சோறு போட்டு முதல் கவளம் உள்ளே போகும்போதே மாத்திரையையும் போட்டுவிடுங்கள். அப்போதுதான் கிளாவுலானிக் அமிலம் உடலில் நன்றாகச் சேரும், குமட்டலும் குறையும்.

இரண்டு வேளை எழுதியிருந்தால் 12 மணி நேர இடைவெளி, மூன்று வேளை என்றால் ஏறக்குறைய 8 மணி நேரம். வேளைக்கு ஒன்றாக அப்போதைக்கு அப்போது பிரியுங்கள். கிளாவுலானிக் அமிலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும். வாரம் முழுவதுக்கும் பிரித்து டப்பாவில் போட்டுவைக்கும் பழக்கம் இந்த மருந்துக்கு ஆகாது.

குழந்தைக்கு சிரப் என்றால்

இங்கேதான் தவறு அதிகம் நடக்கிறது, நிதானமாகப் படியுங்கள். பாட்டிலில் இருப்பது பொடி. முதலில் பாட்டிலைத் தட்டி, குலுக்கிப் பொடியை உதிர விடுங்கள். கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீரைக் குறியீட்டுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்கட்டும். அப்புறம் கோடு வரை நிரப்பி இன்னொரு முறை குலுக்குங்கள். சூடான தண்ணீர் ஊற்றினால் மருந்து வீண். சில கம்பெனிகள் தண்ணீரையும் பெட்டியிலேயே வைத்திருக்கும்.

கலக்கிய தேதியைப் பாட்டில் மேல் எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் கூடாது. ஏழு நாள் கழித்து மிச்சம் இருந்தாலும் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கிவிட்டு, சமையல் கரண்டியில் அல்ல, அளவு மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். 5 மி.லி.க்கு 228.5 மி.கி. என்றும் 457 மி.கி. என்றும் இரண்டு வகை வருகிறது. பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஆகிவிடும். அடுத்த பாட்டில் வாங்கும்போது அந்த எண்ணை மட்டுமாவது சரிபாருங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒரு வேளை விட்டுப்போனால்

நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். எழுதித் தந்த நாள் வரை சாப்பிடுங்கள். இடையில் காய்ச்சல் விட்டது என்று நிறுத்தவும் வேண்டாம், நீங்களாக இரண்டு நாள் கூட்டவும் வேண்டாம். இரண்டு மூன்று நாளாகியும் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

எப்போது ஓட வேண்டும்

முகம், உதடு, தொண்டை வீங்கினால், மூச்சு இழுத்தால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் உடனே 108-ஐ அழையுங்கள். தடிப்பு, அரிப்பு மட்டும் என்றாலும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைக் கேளுங்கள். லேசாக வயிறு இளகுவது பலருக்கும் வரும், தண்ணீர் நிறையக் குடியுங்கள். தண்ணீராகப் பலமுறை போனாலோ ரத்தம் கலந்து போனாலோ, பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது.

கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாகப் போவது, உடம்பெல்லாம் அரிப்பது ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள். இது அரிதுதான், வயதான ஆண்களுக்குச் சற்று அதிகம். மருந்து முடிந்து சில வாரம் கழித்தும் வரலாம். அப்போது யாருக்கும் அந்த 625 நினைவில் இருக்காது. காலி அட்டையையும் சீட்டையும் இரண்டு மாதமாவது பத்திரமாக வைத்திருங்கள், மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.