182 நாள்: ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு கணக்கு

சிங்கப்பூரிலிருந்து திருச்சி விமானம் ஏறுகிற எல்லோருக்கும் கோடாலித் தைலம் எத்தனை டஜன் வாங்க வேண்டும் என்பது தெரியும். ஊரில் எத்தனை நாள் தங்கலாம் என்பது தெரியாது. பதினைந்து வருடம் எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. வருடத்துக்கு மூன்று வாரம் போய்வருகிறவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. 2024 ஏப்ரலில் அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கப்புறம்தான் நாட்களை எண்ணத் தொடங்கினேன்.

விதி இதுதான். இந்திய நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அதற்குள் மொத்தம் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால், அந்த ஆண்டுக்கு வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். சுற்றிப்பார்க்க வந்தீர்களா, ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தீர்களா என்று சட்டம் கேட்காது. வசிப்பவர் என்றால் பொதுவாக உலகத்தில் எங்கே சம்பாதித்ததற்கும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள விடுவார்கள். ஆனால் சிங்கப்பூரில் முதல் 20,000 வெள்ளிக்கு வரியே இல்லை, உச்ச விகிதமே 24 சதவீதம்தான். இந்தியாவில், நான் ஊரில் போய்த் தங்கிய 2024-25 நிதியாண்டில், 15 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். இடையில் உள்ள வித்தியாசத்தை நம் கையிலிருந்துதான் வைக்க வேண்டும்.

இறங்கிய நாள், கிளம்பிய நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணுங்கள். வாதாட இடம் உண்டு என்பார்கள். ஒரு நாளுக்காக யார் வாதாடுவது? பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரைதான் சாட்சி என்பதால், தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். சிங்கப்பூரோ நாட்களைக் காலண்டர் ஆண்டுப்படி எண்ணுகிறது. ஆகவே இரண்டு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

என் கணக்கு: ஏப்ரல் 22 முதல் ஜூன் 30 வரை 70 நாள். செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 20 வரை 46. பிறகு ஜனவரி 10-ஆம் தேதி வீட்டை விற்பதற்காக வந்தேன். வருட விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு, நடுவில் இரண்டு வாரம் திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை என்று எப்படியோ ஒப்பேற்றினேன். அந்த ஆண்டில் மார்ச் 16 எனக்கு 182-ஆவது நாள்.

இதில் 120 நாள் என்று ஒரு கிளை விதியும் உண்டு. இந்தியாவில் வரும் வருமானம் அந்த ஆண்டில் 15 லட்சத்தைத் தாண்டி, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இந்தியாவில் இருந்திருந்தால், 182 அல்ல, 120 நாளே எல்லை. வீடு விற்ற லாபமும் அந்த 15 லட்சத்தில் சேரும். அதனால் என் பழைய முத்திரைகளைக் கூட்டிப் பார்த்தேன். நான்கு வருடம் சேர்த்தும் நூறு நாள் தேறவில்லை. சட்டப்படி அது நல்ல எண். அக்காவிடம் சொல்லவில்லை.

சரி, இனி வீடு. ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்து, கோயிலுக்குப் போய்வரும் திட்டத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். தாண்டாதீர்கள் என்பது என் விருப்பம். ஏனென்றால் நானும் "எங்கள் வீடு, நாங்கள் விற்கிறோம், இதில் என்ன இருக்கிறது" என்றுதான் போனேன்.

அப்பா 1984-ல் கட்டிய வீடு. அவர் காலமான பிறகு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அம்மா தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வீடு அக்கா பேரிலும் என் பேரிலும் சரிபாதியாக வந்திருந்தது. அக்கா திருச்சியில் இருக்கிறாள். விழுந்த பிறகு அம்மாவைத் தனியாக விட முடியாது என்று அவள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டோம். சித்தப்பா ஆள் கொண்டுவந்தார்: அரிசி மண்டிக்காரர், நல்ல மனிதர், 62 லட்சம், முழுக்க வங்கி வழியாக. வில்லங்கச் சான்று பார்த்தாயிற்று, பட்டா சரி. பத்திர எழுத்தர் வரைவு தயார் செய்யும்போது என் முகவரியைக் கேட்டார். சிங்கப்பூர் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

காரணம் பிறகு புரிந்தது. விற்பவர் உள்ளூரில் வசிப்பவராக இருந்து வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்டினால் போதும். தன் பான் எண்ணை வைத்தே ஆன்லைனில் முடித்துவிடலாம். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் சட்டமே வேறு. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன லாபத்துக்கு 12.5 சதவீதம், அந்த வரியின் மேல் செஸ் என்கிற கூடுதல் வரி 4 சதவீதம், ஆக 13 சதவீதம். இதை லாபத்தில் பிடிக்கவில்லை, முழு விலையில் பிடித்தார்கள். அக்காவின் 31 லட்சத்தில் பிடித்தது 31,000 ரூபாய். என் 31 லட்சத்தில் 4,03,000. ஒரே வீடு, ஒரே நாள், ஒரே அப்பா.

போதாக்குறைக்கு, நான் விற்றபோது, என்னைப் போன்றவரிடம் வாங்குபவர் வரி பிடித்துக் கட்டுவதற்காக டான் என்கிற வேறொரு எண்ணும் எடுக்க வேண்டியிருந்தது. அரிசி மண்டிக்காரர் முகம் சுண்டிவிட்டது. "ஒரு வீடு வாங்க எனக்கு எதுக்கு சார் இன்னொரு நம்பரு?" அன்று ராத்திரி சித்தப்பா வந்தார். பொங்கல் கழிந்த வாரம், வாசலில் கோலம்கூட அழியவில்லை. "தம்பி, ஆதார்ல நம்ம ஊர் அட்ரஸ்தானே இருக்கு? பேசாம உள்ளூர்க்காரன்னே எழுதிடு. யாரு வந்து பாக்கப் போறா? பார்ட்டி பின்வாங்கினா அப்புறம் நான் பொறுப்பில்ல."

இந்த இடத்தில்தான் எச்சரிக்கிறேன். இதை உங்களிடமும் சொல்வார்கள், அன்பாகத்தான் சொல்வார்கள். செய்யாதீர்கள். பொய் வெளியே வந்தால் குறைவாகப் பிடித்த வரியும் வட்டியும் வீட்டை வாங்கியவர் தலையில்தான் முதலில் விழும். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் மண்டியிலேயே இருப்பார். முடியாது என்று நான் சொன்னதும் சித்தப்பா, "ஊர்ல இருந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வரியைப் பற்றித்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்கிறேன்.

நேர்வழி ஒன்று உண்டு. உண்மையான லாபத்தைக் கணக்குக் காட்டி, குறைவாகப் பிடித்தால் போதும் என்ற சான்றிதழை வரித்துறையிடம் வாங்கலாம். மனுவை ஆன்லைனில் போடலாம். போட்டேன். என் பான் அட்டை 2007-ல் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்தது. அது இன்னமும் உள்ளூர்க்காரர்களுக்கான ஒரு வார்டில் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து சர்வதேச வரிப் பிரிவுக்கு மாற்றினால்தான் மனுவைத் தொடுவார்களாம். மாற்றுவதற்குப் பழைய வார்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. நான்கு முறை போனேன். முதல் முறை அதிகாரி டிரெயினிங். இரண்டாவது முறை பாஸ்போர்ட் நகல் எல்லாப் பக்கமும் வேண்டும், காலிப் பக்கம் உட்பட. மூன்றாவது முறை சர்வர் டவுன். நான்காவது முறை ஒருவர் என் தாள்களைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "2009-லயே போயிட்டீங்க. பதினஞ்சு வருஷமா ஏன் சார் சொல்லல?" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. பதில் எதிர்பார்க்கவும் இல்லை. எனக்குத்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

ஆகவே எதையும் விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், உங்கள் பான் எந்த வார்டில் இருக்கிறது என்று அடுத்த பயணத்துக்கு முன்பே பாருங்கள். வருமான வரித் தளத்தில் இரண்டு நிமிட வேலை. ஆதார் இல்லாதவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்போர் பானையும் ஆதாரையும் இணைக்கத் தேவையில்லை. ஆனால் வெளிநாட்டில் வசிப்பவர் என்று துறைக்குத் தெரிவிக்காதவர்களின் பான், 2023 ஜூலை 1 முதல் செயலிழந்துபோனது.

லாபத்தைக் கணக்கிட, 2001 ஏப்ரல் 1 அன்று வீடு என்ன மதிப்பு என்று பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்க வேண்டும். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அரசின் அன்றைய வழிகாட்டி மதிப்பை அது தாண்டக் கூடாது. கட்டடம் அன்று எத்தனை சதுர அடி இருந்தது என்று மதிப்பீட்டாளர் கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? அப்பாவின் அறையில் ஆணியில் மாட்டிய ஒரு வளைந்த கம்பி. அதில் வீட்டு வரி ரசீதுகள், வருடவாரியாக, கீழிருந்து மேலாக. வரி கட்டாமல் அவர் ஒரு வருடமும் விட்டதில்லை. 2001 ரசீதை உருவும்போது கம்பித் துரு விரலில் ஒட்டிக்கொண்டது. என் பாதியின் மதிப்பு 5 லட்சம் என்று வந்தது. லாபம் 26 லட்சம், வரி 3,25,000, செஸ் சேர்த்து 3,38,000.

கடைசியில் ஆடிட்டர் மண்டிக்கே போய் உட்கார்ந்து மண்டிக்காரருக்கு டான் எடுத்துக் கொடுத்தார். பிப்ரவரி 20 அன்று பத்திரப் பதிவு. சான்றிதழ் வரவில்லை, 4,03,000 பிடித்துக்கொண்டார்கள். மார்ச் 10 அன்று, நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. கூடுதலாகப் பிடித்த 65,000-ஐக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க முடியும். அதற்கு வாங்கியவர் மே 31-க்குள் தன் காலாண்டுப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அவர் ஜூலையில் செய்தார், என் மூன்று போன்களுக்கு அப்புறம். பணம் கைக்கு வந்தது நவம்பரில்.

மற்றவை சுருக்கமாக. கல்லூரிக் காலத்துச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருந்தால், வெளிநாட்டில் வசிப்போரின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுங்கள். நான் ஒன்பது வருடம் தாமதித்தேன். வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட்டுவைக்கும் என்ஆர்இ கணக்கு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள். வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவர் அதே அளவு பிடித்துக் கட்ட வேண்டும். அவரிடம் இதை முதல் தடவை சொல்லும்போது பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வீடு விற்ற பணம் என்ஆர்ஓ கணக்கில்தான் விழும். அங்கிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம், அதற்கான வருமான வரிப் படிவங்களோடு. போக முடியாதவர்கள் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். பிரிவு எண்களை வேண்டுமென்றே எழுதவில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம். எண்கள் எல்லாம் மாறுகின்றன.

அந்த வருடம் அப்பாவின் திதி மார்ச் 19 அன்று வந்தது. பங்குனித் தேய்பிறை பஞ்சமி. "இவ்வளவு நாள் இருந்துட்ட, இன்னும் ஆறு நாள்தானே, திதி முடிச்சிட்டுப் போயேன்" என்றாள் அம்மா. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அரிசி களைந்துகொண்டிருந்தாள். மார்ச் 14 அன்று, 180-ஆவது நாளில், கிளம்பிவிட்டேன். லீவு இல்லை என்று சொன்னேன்.

ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது பேச்சுவாக்கில் ஆடிட்டரிடம், "182 ஆகாமப் பாத்துக்கிட்டேன் சார்" என்றேன், கொஞ்சம் பெருமையாக. நாள் கணக்கை அதுவரை அவரிடம் கேட்டதே இல்லை. சிங்கப்பூர் தேக்காவில் டீ குடித்தபோது ஒரு நண்பர் சொன்னதை வைத்து நானே எண்ணிக்கொண்டிருந்தேன். ஆடிட்டர், "தாண்டியிருந்தா என்ன சார்?" என்றார்.

வசிப்பவரிலும் இரண்டு வகை உண்டாம். முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்திராவிட்டாலோ, நீங்கள் 'வழக்கமாக வசிக்காதவர்'. ஆடிட்டர்கள் ஆர்என்ஓஆர் என்பார்கள். அவர்களின் வெளிநாட்டுச் சம்பளத்தை இந்தியா தொடாது. இந்தியாவிலிருந்து நடத்தும் தொழில் வருமானம் என்றால்தான் சிக்கல். வளைகுடாவில் இந்திய பாஸ்போர்ட்டோடு இருந்து, இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிறவர்களை 'வசிப்பவர்' என்று கருதும் விதியிலும் அவர்களை வைப்பது இதே வகையில்தான். எனக்கு வரியில் மாட்டியிருக்கக்கூடியது திண்ணையில் உட்கார்ந்து பார்த்த அந்த இரண்டு வார வேலையின் சம்பளம் மட்டும். சிங்கப்பூரோடு உள்ள ஒப்பந்தம் 183 நாள் வரை அதைக் காக்கும். தாண்டியிருந்தாலும் அந்தத் தொகை அன்றைய விலக்கு வரம்பான 3 லட்சத்துக்குள் அடங்கியிருக்கும்.

அதோடு அவர் விடவில்லை. கால்குலேட்டரைத் தட்டும் சத்தம் போனில் கேட்டது. வசிப்பவராக இருந்திருந்தால், 2001 மதிப்பைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்தி, மிச்ச லாபத்துக்கு 20 சதவீதம் என்ற பழைய முறையை அக்காவைப் போல நானும் தேர்ந்தெடுத்திருக்கலாமாம். குறியீடு 363, அதாவது 3.63 மடங்கு. ஐந்து லட்சம் 18,15,000 ஆகும், லாபம் 12,85,000, வரி 2,57,000. செஸ் நீங்கலாக 68,000 ரூபாய் மிச்சம்.

"ஆறு நாள் இருந்திருக்கலாம் சார் நீங்க" என்றார் ஆடிட்டர். டிக்கெட் போடும் முன் அவரைப் போல ஒருவரிடம் உங்கள் கடந்த பத்து வருட முத்திரைகளைக் காட்டிவிடுங்கள்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் இன்னும் என் மேனேஜரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.